நாலாம் இலக்கத் தொழிலாளி

இரண்டு வருட வணிக முகாமைத்துவப் படிப்பில் எனக்கு அதிவிசேட சித்தி கிடைத்தது ஒரே ஒரு பாடத்துக்குத்தான். அந்தப் பாடத்தைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன். புள்ளிவிபரவியலில் மறுமுறை பரீட்சை எழுதியதைக்கூட வெட்கமில்லாமல் சொல்லுவேன். இதை மட்டும் சொல்ல வாய் வராது. இப்போது எழுதுவதும் தைரியம் வந்துவிட்டதால் இல்லை. போன மாதம் பஸ்ஸில் ஒருவரைச் சந்தித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உயர்தரப் பரீட்சையில் நான் வர்த்தகப் பிரிவு. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் அப்பா, டவுனில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சொந்தக்காரர்களிடம் 'டெக்னிக்கலுக்குப் போறேன்' என்று சொன்னால், "வெல்டிங்கா, மோட்டார் வேலையா?" என்று கேட்டார்கள். முகாமைத்துவம் என்று சொன்னால் இன்னும் குழம்பினார்கள். "அப்ப யாரை முகாமை செய்யப் போறே?" என்று பெரியப்பா கேட்டார்.

வகுப்பில் நாங்கள் நாற்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் நான்கு பேர். குறிப்புகள் ஆங்கிலத்தில் வரும், விளக்கம் சிங்களத்தில் நடக்கும், நாங்கள் நால்வரும் பின்வரிசையில் அதைத் தமிழில் எழுதிக்கொள்வோம். கலேவெலயிலிருந்து வருகிற ஒருத்தி எப்போதும் முதல் அரை மணித்தியாலத்தைத் தவறவிடுவாள். அவளுக்கு நான்தான் கொப்பி கொடுப்பேன். என் கொப்பி அத்தனை சுத்தமாக இருக்கும். எதையும் விடாமல் எழுதுகிற பழக்கம் எனக்கு. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. எழுதி வைத்திருந்தும் செய்யாமல் விட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு வருடம் போனதும் முகாமைத்துவம் தலைக்கேறிவிட்டது. எதைப் பார்த்தாலும் இதை இன்னும் திறமையாகச் செய்யலாமே என்று தோன்றும். பஸ்ஸில் கொண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் ஒழுங்கு பிழை. தபால் கந்தோரில் வரிசை நிற்கும் விதம் பிழை. ஒரு நாள் அம்மாவிடம், குழாய்க்கும் அடுப்புக்கும் இடையில் நீங்கள் காலையில் இருபத்தாறு தடவை நடக்கிறீர்கள் என்று சொன்னேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எண்ணிக்கிட்டு இருந்த நேரத்துக்கு ரெண்டு வாளி தண்ணி அள்ளித் தந்திருக்கலாம்" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். எனக்கு அதில் படிக்க ஒரு விஷயம் இருந்தது. நான் படிக்கவில்லை.

இரண்டாம் வருடத்தில் வேலைக் கற்கை என்ற பாடம் வந்தது. ஒருவர் ஒரு வேலையை எத்தனை அசைவில், எவ்வளவு நேரத்தில் செய்கிறார் என்று அளந்து, எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து, திருத்த வழி சொல்வது. கையில் ஃபோன் இருந்தால் போதும், நிறுத்தற் கடிகாரம் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு வேலைத்தலத்துக்குப் போய் அளந்து ஒப்படை எழுத வேண்டும். எங்கள் மேடம் கண்டிப்பானவர். "அளக்கிற நேரத்தில் வேலை செய்கிறவரோடு பேசக் கூடாது. பேச நேர்ந்தால், அதனால் வேலை நின்ற நேரத்தைக் கழித்துவிட வேண்டும்" என்று சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னார். நான் அதைத் தமிழில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அதோடு இன்னொரு சடங்கும் இருந்தது. முடித்த அறிக்கையின் பிரதி ஒன்றை அந்த வேலைத்தலத்துக்குக் கொடுத்து, கிடைத்தது என்று ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதத்தில் சீல் இருக்க வேண்டும். சீல் இல்லாத கடிதத்தை மேடம் கையால்கூடத் தொட மாட்டார். நம் நாட்டில் எந்தக் கடதாசியும் சீல் விழுந்த பிறகுதான் உண்மையாகிறது, எங்கள் ஒப்படையும் அப்படித்தான். அதனால் மாணவர்கள் யோசித்ததெல்லாம், சுலபமாகச் சீல் அடித்துத் தருகிற இடம் எது என்பதைத்தான்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, உக்குவளைப் பக்கம் ஒரு ஸ்டோர் இருந்தது. கராம்பு, மிளகு, சாதிக்காய் எல்லாம் வாங்கித் துப்புரவாக்கிக் கொழும்புக்கு அனுப்புகிற இடம். முதலாளிக்கு அப்பாவைத் தெரியும். "படிக்கிற பிள்ளைக்கு இல்லண்டு சொல்லுவமா? வாங்க மகள், எத்தனை நாள் வேணும்?" என்றார். நல்ல மனிதர். இதில் அவரைக் குற்றவாளியாக்க நான் எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

உள்ளே நான்கு பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து கராம்பைத் தெரிந்து தரம் பிரிப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சுளகு. தலையோடு இருக்கும் முழுக் கராம்பு ஒரு பக்கம், தலை உடைந்தது ஒரு பக்கம், காம்பும் குப்பையும் இன்னொரு பக்கம். ஒரு சுளகு முடிய எவ்வளவு நேரம் என்பதுதான் நான் அளக்க வேண்டியது. யாருடைய பெயரையும் எழுதக் கூடாது என்பது விதி. கதவுப் பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கம் போட்டேன். பெயரை மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். உட்காருகிற வரிசையே பெயர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் மூன்று பேரும் என்னைக் கண்டு பயந்தார்கள். ஃபோனைத் தூக்கியதும் தலையைக் குனிந்துகொண்டு, விரல் கண்ணில் படாத வேகத்தில் தெரிந்தார்கள். ஏதாவது கேட்டால், "தெரியாதுங்க" என்ற ஒரு சொல்லோடு முடித்தார்கள். ஒரு சுளகுக்குப் பதினொரு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். என் கொப்பியில் எண்கள் சேர்ந்தன, ஆனால் எழுத விஷயம் சேரவில்லை. கராம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இறைச்சிக் கறியில் போடுவார்கள் என்று தெரியும்.

நாலாவதாக இருந்தவர் ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அக்கா. பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நடந்து வருகிறவர். அவர் மட்டும் என்னைக் கண்டு பயப்படவில்லை. நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துச் சாக்கைத் தள்ளிப் போட்டு, "நின்னுக்கிட்டே எழுதுனா கை வலிக்கும் தங்கச்சி, இப்படி உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கடிகாரத்தை அழுத்தினேன். அழுத்திய கையோடு, இதை ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று ஒரு வெளுத்த கராம்பைக் காட்டிக் கேட்டேன்.

அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இது பறிச்சதும் காயப்போடாம ஈரத்தோட குவிச்சு வச்சது. சூடேறி வெளுத்து சுருங்கிப் போச்சு. நல்லது எப்படித் தெரியுமா, நகத்தால அமுக்கிப் பாருங்க, எண்ணெ கசியணும்." என் கையில் ஒன்றை வைத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். இன்னொன்றை ஒடிக்கச் சொன்னார், நன்றாகக் காய்ந்தது எப்படிச் சத்தத்தோடு ஒடியும் என்று காட்ட. பிறகு, வேறு வேறு ஆட்கள் கொண்டுவரும் சரக்கை ஏன் ஒன்றாகக் கொட்டக் கூடாது, மழை நாளில் ஏன் கதவைச் சாத்தி வைக்கிறார்கள் என்றெல்லாம் நான் கேட்கக் கேட்கச் சொன்னார். நடுவில் எழுந்து போய்த் தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தார். அவர் கை வேலைக்குத் திரும்பும்போதெல்லாம் நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சுளகுக்குப் பதினெட்டு நிமிடம், பத்தொன்பது நிமிடம்.

நான் கவனிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அன்றே கவனித்தேன். நாளைக்கு வந்து வாய் திறக்காமல் திரும்ப அளக்க வேண்டும் என்று கொப்பியின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். மறுநாள் போனபோது கராம்பு முடிந்து, நால்வரும் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கராம்பு வர பத்து நாளாகும் என்றார் முதலாளி. ஒப்படை கொடுக்க ஆறு நாள்தான் இருந்தது.

சரி, கொப்பியில் குறித்திருந்தபடி பேசிய நேரத்தைக் கழிக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். கழித்தால் அக்காவுக்கும் பதினொரு நிமிடம்தான் வந்தது. நால்வரும் ஒரே அளவு. அப்படியென்றால் என் அறிக்கையில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை இல்லாவிட்டால் திருத்தம் இல்லை, திருத்தம் இல்லாத ஒப்படைக்கு யார் புள்ளி போடுவார்கள்? கழிக்காமல் விட்டால், ஆளுக்கொரு கட்டை வரைந்ததில் நாலாவது மற்ற மூன்றையும் விட உயர்ந்து நிற்கிற ஒரு வரைபு கிடைக்கும். பார்த்தவுடன் கண்ணில் படுகிற வரைபு. ஒரு மாலை முழுக்க இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு கழித்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

மேசையில் இருந்த கொப்பியில், கோடு போட்ட அந்த வரி அப்படியே இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

அறிக்கை அழகாக வந்தது. கராம்பின் தரம், காயவைக்கும் முறை, கலக்கக் கூடாத காரணம் என்று நான்கு பக்கம் எழுதினேன். எல்லாம் அக்கா சொன்னது. கடைசியில் சிபாரிசு என்ற தலைப்பில், நான்காம் இலக்கத் தொழிலாளியின் வேகம் குறைவாக உள்ளதால், இருக்கைகளை மாற்றியமைத்தால் மூவரைக் கொண்டே இந்த வேலையைச் செய்யலாம் என்று எழுதினேன். அது ஒரு மனிதரைப் பற்றிய வாக்கியம் என்று எனக்குப் படவில்லை. புத்தகத்தில் சிபாரிசுகள் அப்படித்தான் இருக்கும். டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் நிறத்தோடு அச்செடுத்தேன். நாலாவது கட்டைக்குச் சிவப்பு போட்டேன்.

மேடம் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். "விஷயத்தை உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறாள்" என்றார். பின்வரிசையிலிருந்து முன்னால் போய் நின்ற ஒரே நாள் அது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். முதலாளிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தாள்களைப் புரட்டிக்கொண்டு போனவர் வரைபில் நின்றார். படத்துக்கு மொழி தேவையில்லையே.

"இந்தச் சிவப்பு என்ன மகள்?"

"ஒரு சுளகு தெரிய எடுக்கிற நேரம்."

"கூட நேரமா?"

"ஓம்."

அவர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கதவுப் பக்கமிருந்து விரலை நீட்டி எண்ணினார். நாலில் விரல் நின்றது. "பேச்சு கொஞ்சம் கூடத்தான் அந்தப் பொம்பளைக்கு" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. என்னோடுதான் பேசினார் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. சீல் மேசையில் இருந்தது. கடிதம் இன்னும் என் கையில் இருந்தது. நான் கடிதத்தை நீட்டினேன். அவர் சீல் அடித்தார்.

மூன்று மாதம் கழித்து, பயிற்சிக்காக இன்னொரு கடிதம் தேவைப்பட்டது. அதே ஸ்டோருக்குப் போனேன். மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. கதவுப் பக்கம் இருந்தவரிடம், அக்கா வரவில்லையா என்று கேட்டேன்.

"நிப்பாட்டிட்டாங்க."

"எப்ப?"

"நீங்க கொப்பி குடுத்துட்டுப் போன அடுத்த மாசம். அதைக் காட்டித்தான் சொன்னாங்க. படிச்ச புள்ள அளந்து எழுதியிருக்குன்னு." குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என் கையில் ஃபோன் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுளகுக்குக் குனிந்துகொண்டார்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று முதலாளியின் அறைக்குள் போனேன். அவர் என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார். "நீங்க எழுதின மாதிரியே மூணு பேரை வச்சித்தான் செய்யிறம். படிப்புண்டா இப்படிப் பிரயோசனப்படோணும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதை. என் வயதுக்கு யாரும் அப்படி மரியாதை தந்ததில்லை. நான் எழுதியது பிழை என்று சொன்னால், கல்லூரிக்கு, மேடத்துக்கு, அப்பாவுக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சித்தியும் போகும் என்று நினைத்தேன். பயிற்சிக் கடிதம் என்றுதான் என் வாயிலிருந்து வந்தது. அவர் அதிலும் சீல் அடித்துத் தந்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அக்காவின் லயம் எந்தப் பக்கம் என்று விசாரித்துப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த வாரம் பரீட்சை, அடுத்த வாரம் பயிற்சி, பிறகு வேலை. எனக்குச் சாட்டு சொல்ல நன்றாக வரும்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். நேர்முகப் பரீட்சையில் அந்த அறிக்கையைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதைக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அதே தாளைக் காட்டித்தான் அக்காவை நிறுத்தினார்கள். இதை நினைக்காமல் நான் தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய நாள் குறைவு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாத்தளையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்த முகம் உடனே தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"கராம்பு ஸ்டோருக்கு வந்த மிஸ்தானே நீங்க?"

அன்றைக்குத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். ஆமாம் என்றேன். பாஸாகினீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேலை கிடைத்ததா என்று கேட்டார். அதற்கும் ஆமாம். "நல்லது. எவ்வளவு கேள்வி கேட்டீங்க அன்னைக்கு. அப்பவே நெனச்சேன், இந்தப் புள்ள நல்லா வரும்னு" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு வீட்டில் உடுப்பு கழுவுவதாகச் சொன்னார். உக்குவளையில் சாதிக்காய் ஸ்டோர் ஒன்றில் ஆள் தேடியபோது அவரைக் கூப்பிட்டார்களாம், அவர் போகவில்லையாம்.

"ஏன் போகலை?"

"அங்கயும் போய் மத்தவங்களப் பின்னுக்கு இழுக்கணுமா மிஸ்? நான்தான் மந்தம்னு அளந்தே பாத்தாச்சே. அதுவரைக்கும் எனக்கே தெரியாது பாருங்க. இருபது வருஷம் அந்தச் சாக்குலதான் இருந்தேன். ஒருத்தரும் சொன்னதில்ல. பாவம், மத்த மூணு பேரும் எனக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சீனி வருத்தம் இருக்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். வேலை போனதைத்தான் நான் இத்தனை வருடமும் என் குற்றம் என்று சுமந்துகொண்டிருந்தேன். இது எனக்குத் தெரியாது.

அங்கேயே, பஸ்ஸில், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். நீங்கள் மந்தம் இல்லை அக்கா, நான் கேள்வி கேட்டதால்தான் உங்கள் கை நின்றது, எனக்குப் பதில் சொன்ன நேரத்தையும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிய நேரத்தையும் சேர்த்து எழுதினேன், கழித்திருந்தால் நீங்களும் மற்றவர்களும் ஒன்றுதான், கழித்தும் பார்த்தேன், தெரிந்தேதான் கிழித்துப் போட்டேன். ஒரு மூச்சில் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"உங்களுக்கு எளகின மனசு. என் மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கிறீங்க. வேணாம் மிஸ். ரெண்டு வார்த்த பேசுனா என்ன, அதுக்காக அவ்வளவு நேரம் போகுமா? நீங்க ஃபோனுல பாத்து எழுதுனது. அது பொய் சொல்லாதே."

இல்லை அக்கா என்றேன். சத்தியமாக என்றேன். சரி சரி என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போல. அந்த ஸ்டோருக்கே போய் முதலாளியிடம் சொல்கிறேன் என்றேன். அவர் போன வருடமே காலமாகிவிட்டார், ஸ்டோரையும் மூடிவிட்டார்கள் என்றார். எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அவருடைய தரிப்பு வந்தது. இறங்குவதற்கு ஐந்தாறு பேர் எழுந்து நின்றார்கள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவில் வந்தவர், அப்படியே இருக்கையோடு ஒட்டி ஒதுங்கி நின்று, பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டார்.

"நீங்க முன்னுக்குப் போங்க, நான் மந்தம்" என்றார்.

எல்லோரும் போன பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டே எட்டில் இறங்கிப் போனார்.